ஓர்வியேட்டோவுக்குக் காரில் போகிறீர்களா? காரை எங்கே விடுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ரோமிலிருந்து ஃபிளாரன்ஸுக்குக் காரில் போகிறவர்களில் பலர் வழியில் ஒரு மலை நகரத்தையாவது பார்த்துவிட வேண்டும் என்று திட்டம் போடுகிறார்கள், அந்தப் பட்டியலில் ஓர்வியேட்டோ பெயர் அடிக்கடி வருகிறது. காரணம் எளிது. ரோமிலிருந்து ஏ1 நெடுஞ்சாலையில் சுமார் 120 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம்தான். நெடுஞ்சாலையில் இருக்கும்போதே நகரம் கண்ணில் படும்: பள்ளத்தாக்கில் செங்குத்தாக எழுந்து நிற்கும் எரிமலைப் பாறை, அதன் விளிம்பு வரைக்கும் வீடுகள், வீடுகளுக்கு மேலே பேராலயத்தின் கூர்முனைகள். பார்த்த மாத்திரத்தில் மேலே ஏறிவிடத் தோன்றும்.

அங்கேதான் குழப்பமும் ஆரம்பிக்கிறது. கீழே ரயில் நிலையத்தில் விட்டுவிட்டுப் போவதா, மேற்குப் பக்கம் இருக்கும் பெரிய வாகன நிறுத்தத்துக்குப் போவதா, மேலேயே ஏற்றிவிடுவதா, மேலே ஊருக்குள்ளேயே அறை எடுத்து இரவு தங்குவதா, வெளியே திராட்சைத் தோட்டப் பண்ணை வீட்டில் தங்குவதா, இல்லை காரே வேண்டாம் என்று ரயிலில் போய்விடுவதா? ஆறு வழிகளும் நல்லவைதான். ஆனால் ஒருவருக்கு நல்லது இன்னொருவருக்குத் தொல்லை.

## எதை வைத்து முடிவு செய்வது

பேராலயத்துக்கு எது பக்கம் என்று மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஓர்வியேட்டோ சின்ன ஊர், ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அரை மணி நேரத்தில் நடந்துவிடலாம். எனவே தூரம் பெரிய விஷயமே இல்லை, ஏற்றம்தான் விஷயம். கூட வருகிறவர்களில் யாருக்கு முழங்கால் மோசமோ அவரை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும், அம்மா அப்பாவோடு போகிறவர்கள் இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். தெருக்களெல்லாம் கல் பாவியவை, குழந்தை வண்டியும் சக்கரப் பெட்டியும் அதில் குதித்துக் குதித்துத்தான் வரும்.

அடுத்தது டிக்கியில் என்ன இருக்கிறது என்பது. காலையில் ரோமில் அறையைக் காலி செய்து, மாலை டஸ்கனியில் அடுத்த அறைக்குப் போகிற வழியில் இங்கே நிற்கிறீர்கள் என்றால் நான்கு பேரின் மொத்த உடைமையும் காரில் இருக்கும். வாடகைக் கார் என்பதைத் திருடுகிறவர்கள் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவார்கள். பின் இருக்கையில் ஒரு பை தெரிந்தால்கூடப் போதும். வெறும் காரோடு வருகிறவருக்குப் பொருந்தும் இடம் இவர்களுக்குப் பொருந்தாது.

மூன்றாவது விஷயத்தைப் பலர் யோசிப்பதே இல்லை: மாலை எத்தனை மணி வரை இருக்கப் போகிறீர்கள்? ஓர்வியேட்டோ பேராலயத்தின் முகப்பு மேற்குப் பக்கம் பார்த்தது. 1290இல் அடிக்கல் போட்ட கட்டடம், லோரென்ஸோ மைத்தானி வடிவமைத்த முகப்பு, அதில் தங்கப் பின்னணியில் மொசைக் ஓவியங்கள். காலையில் அது நிழலில் இருக்கும், அழகுதான், ஆனால் அடங்கிய அழகு. மாலை வெயில் நேராக விழும்போது அந்த முகப்பு முழுக்கத் தகதகக்கும், அதற்காகவே அந்த ஊருக்குப் போகலாம். ஜூன் மாதத்தில் சூரியன் மறைய எட்டே முக்கால் ஆகிவிடும், டிசம்பரில் நாலே முக்காலுக்கே இருட்டிவிடும். அதே நேரம் உணவகங்களின் அடுப்படி பெரும்பாலும் மதியம் இரண்டு, இரண்டரையோடு மூடி, இரவு ஏழரைக்குத்தான் திறக்கும். கோடையில் முகப்பையும் பார்த்து, உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டும் கிளம்ப வேண்டும் என்றால் இரவு ஒன்பதரை, பத்து ஆகிவிடும். அந்த நேரத்தில் கார் இருக்கும் இடத்துக்கு எப்படி இறங்குவது என்பதைக் காலையிலேயே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அப்புறம் பணம், மறைந்திருக்கும் செலவையும் சேர்த்து. கடைசியாக ஓட்டுகிறவரின் தைரியம். இந்தியாவிலும் இலங்கையிலும் ஓட்டிப் பழகியவருக்கு அங்கே ஸ்டீயரிங் இடது பக்கம், சாலையில் வலது பக்கம். கொண்டை ஊசி வளைவில் எதிரே பேருந்து வரும்போது அந்தப் பழக்கமின்மை தெரியும். கியர் மாற்றும் வேலையாவது குறையட்டும் என்று ஆட்டோமேட்டிக் கேட்டால் வாடகை கூடும், ஆனால் அந்தப் பணம் வீண் இல்லை என்பது என் கருத்து. இந்திய உரிமம் வைத்திருப்பவர்கள் கிளம்பும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிட வேண்டும். போலீஸ் நிறுத்தினால் கேட்பார்கள்.

## எல்லா வழிக்கும் பொதுவான ஆபத்து: இசட்டிஎல்

இத்தாலியின் பழைய நகரங்களில் பெரும்பாலானவற்றில் உட்பகுதிக்கு அனுமதி பெற்ற வண்டி மட்டும்தான் போகலாம். அந்தப் பகுதிக்கு இசட்டிஎல் என்று பெயர். வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் போட்ட பலகை, பக்கத்தில் கேமரா. தடுப்பு எதுவும் இருக்காது, யாரும் கை காட்டி நிறுத்த மாட்டார்கள், கேமரா எண் பலகையைப் படம் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். மின்னும் பலகையில் ‘வார்கோ அத்திவோ’ என்று இருந்தால் கட்டுப்பாடு நடப்பில் இருக்கிறது, உள்ளே போகக் கூடாது. நடுவில் ‘நோன்’ இருந்தால் மட்டும் போகலாம். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

அபராதம் 80 யூரோவுக்கு மேல். இதற்கு மேல், உங்கள் பெயரையும் முகவரியையும் போலீஸுக்குக் கொடுத்ததற்காக வாடகைக் கார் நிறுவனம் தனியாக ஒரு தொகையை உங்கள் கிரெடிட் கார்டிலிருந்து எடுத்துக்கொள்ளும், அது அபராதம் இல்லை, வெறும் அலுவலகக் கட்டணம். அபராதக் கடிதம் வெளிநாட்டு முகவரிக்கு வர மாதக்கணக்கில் ஆகும், 360 நாள் வரை அவர்களுக்குச் சட்டப்படி அவகாசம் உண்டு. ஊர் திரும்பி எல்லாம் மறந்த பிறகு வந்து நிற்கும். கடிதம் கையில் கிடைத்து ஐந்து நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் குறையும்.

இதைத் தவிர்க்க ஒரே வழி, வழிகாட்டிச் செயலியில் ‘பேராலயம்’ என்றோ ஹோட்டல் பெயரோ போடாமல் வாகன நிறுத்தத்தின் பெயரைப் போடுவது. செயலி சுருக்கு வழி காட்டும், அந்தச் சுருக்கு வழி பல நேரம் கேமராவுக்கு அடியில்தான் போகும்.

## கீழே ரயில் நிலையம், அங்கிருந்து ஃபுனிகோலாரே

மலையடிவாரப் பகுதிக்கு ஓர்வியேட்டோ ஸ்காலோ என்று பெயர். ரயில் நிலையத்துக்குப் பின்புறம் பெரிய திறந்தவெளி வாகன நிறுத்தம் இருக்கிறது, அங்கே இலவச இடங்கள் உண்டு. தரையில் வெள்ளைக் கோடு என்றால் இலவசம், நீலம் என்றால் கட்டணம், மஞ்சள் நமக்கானது இல்லை. கோட்டின் நிறத்தைப் பார்த்தாலும் பலகையையும் ஒருமுறை படித்துவிடுங்கள், சந்தை நாளிலும் தெரு கழுவும் நாளிலும் விதி மாறும். அங்கிருந்து சுரங்கப்பாதை வழியாக நிலையத்தின் முன்பக்கம் வந்தால் எதிரிலேயே ஃபுனிகோலாரே, அதாவது கேபிளில் இழுத்து ஏற்றும் வண்டி. பழனி விஞ்ச் ஏறியவர்களுக்கு விளக்கவே வேண்டாம், அதே ஏற்பாடுதான். சில நிமிடங்களில் மேலே பியாட்சா காஹென் என்ற சதுக்கத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து பேராலயத்துக்குச் சிறிய நகரப் பேருந்து போகிறது, ஆகவே முழங்கால் வலிக்காரர் ஒருவர் கிட்டத்தட்ட ஒரு படிகூட ஏறாமல் பேராலய வாசலில் போய் நிற்கலாம். பெரியவர்களோடு வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

இந்த விஞ்சுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, அது காரை ஏன் கீழே விட வேண்டும் என்பதையும் சொல்கிறது. 1888இல் முதலில் ஓடியது தண்ணீரின் எடையால் இயங்கிய வண்டி. கார்களும் பேருந்துகளும் பெருகிய பிறகு, 1970இல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் நகரம் உட்கார்ந்திருக்கும் பாறை மென்மையான எரிமலைக் கல், ரோமானியருக்கு முன் இங்கே வாழ்ந்த எத்ருஸ்கர் காலத்திலிருந்து குடைந்து குடைந்து உள்ளே நூற்றுக்கணக்கான குகைகள், அதற்கு மேல் குழாய்க் கசிவும் சாக்கடைக் கசிவும். விளிம்புகள் சரியத் தொடங்கின. 1978இல் ஓர்வியேட்டோ பாறையையும் பக்கத்து ஊரான தோடியின் குன்றையும் காப்பாற்றுவதற்கென்றே இத்தாலிய நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டது. பாறையைக் கட்டி நிறுத்தும் வேலை ஒரு பக்கம், மேலே போகும் கார்களைக் குறைக்கும் முயற்சி இன்னொரு பக்கம். 1990இல் ஃபுனிகோலாரே மின்சாரத்தில் திரும்ப ஓட ஆரம்பித்தது. கீழே காரை விட்டுவிட்டு ஒன்றிரண்டு யூரோ டிக்கெட்டில் ஏறும்போது நாமும் அந்த ஏற்பாட்டுக்குத் துணை நிற்கிறோம், எனக்கு இது முக்கியமாகப் படுகிறது.

மேலே இறங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே போட்ஸோ தி சான் பாத்ரிட்ஸியோ என்ற கிணறு. 1527இல் ரோம் சூறையாடப்பட்டபோது தப்பி இங்கே வந்த போப் ஏழாம் கிளமெண்ட், முற்றுகை வந்தால் தண்ணீருக்கு என்ன செய்வது என்று வெட்டச் சொன்னது, அந்தோனியோ தா சங்கல்லோ வடிவமைத்தது, 1537இல் முடிந்தது. ஐம்பது மீட்டருக்கு மேல் ஆழம், ஒன்றையொன்று தொடாத இரட்டைச் சுழல் பாதை, இறங்கும் கழுதையும் தண்ணீரோடு ஏறும் கழுதையும் முட்டிக்கொள்ளாமல் இருக்க. 248 படி. விஞ்சில் மிச்சப்படுத்திய முழங்காலை இங்கே செலவழிக்க முடியாதவர்கள் மேலே தோட்டத்தில் உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்க்கலாம்.

சரி, குறைகள். ஃபுனிகோலாரே இரவுச் சாப்பாடு முடியும் வரை காத்திருக்காது, மாலையிலேயே முடிந்துவிடும், ஏறும்போதே கடைசி வண்டி நேரத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தவறினால் டாக்ஸி, இல்லை இருட்டில் இறக்கத்தில் நடை. இன்னொன்று, கீழே இருப்பது காவலில்லாத திறந்தவெளி. டிக்கி நிறையப் பெட்டிகளோடு வருகிறவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

## மேற்குப் பக்கம் காம்போ டெல்லா ஃபியேரா

பாறையின் மறுகோடியில், அடிவாரத்தில், கட்டண வாகன நிறுத்தம். மணிக்கு ஒன்றரை, இரண்டு யூரோ கணக்கில் வரும். அங்கிருந்து லிஃப்டும் நகரும் படிகளும் பாறைக்குள்ளேயே மேலே கொண்டுபோய் விடுகின்றன. வெளியே வரும் இடம் ஊரின் பழைய, அமைதியான பகுதி. சான் ஜியோவெனாலே என்ற பழமையான தேவாலயமும், கீழே பள்ளத்தாக்கைக் காட்டும் மதில் விளிம்பும் இந்தப் பக்கம்தான். கூட்டம் எல்லாம் பியாட்சா காஹெனிலிருந்து பேராலயத்துக்கு ஒரே தெருவில் போய்த் திரும்பும், நீங்கள் எதிர்ப்பக்கமிருந்து ஊருக்குள் நுழைவீர்கள். முதல்முறை வருகிறவருக்கு நல்ல நுழைவு இதுதான், எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் லிஃப்ட் விட்ட இடத்திலிருந்து பேராலயத்துக்கு ஏற்றமான தெருவில் பத்துப் பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும். நல்ல கால் உள்ளவருக்கு அது இன்பம், இல்லாதவருக்கு வழியெல்லாம் திண்ணை தேடும் நடை. நகரும் படிகளுக்கும் இரவில் நேரக் கட்டுப்பாடு உண்டு, லிஃப்டுக்கும் அதற்கும் நேரம் வேறாக இருக்கலாம், பலகையைப் படியுங்கள். பெட்டிகளோடு வழியில் நிற்கிறவர்களுக்கு அடிவாரத்தின் இலவச இடத்தைவிட இது பரவாயில்லை, ஆள் நடமாட்டம் இருக்கிறது, கூரை உள்ள தளமும் இருக்கிறது. நாலைந்து மணி நேரத்துக்கு ஆகும் கட்டணம் ஒரு பெட்டியின் பூட்டு விலைகூட இல்லை.

## மேலேயே ஏற்றிவிடுவது

பியாட்சா காஹென் பக்கம், வியா ரோமா வாகன நிறுத்தத்தில், தெருவோர நீலக் கோடுகளில் இடம் கிடைத்தால் நிறுத்தலாம், அதுவரை இசட்டிஎல் இல்லாமல் போக வழியும் இருக்கிறது. ஆனால் கிடைத்தால்தான். வியாழனும் சனியும் பியாட்சா தெல் போபோலோவில் சந்தை, அன்று காலை சுற்றிச் சுற்றி வர வேண்டியிருக்கும். வருடக் கடைசியில் உம்பிரியா ஜாஸ் குளிர்கால விழா நடக்கும்போதும், கோர்ப்புஸ் தோமினி என்ற கத்தோலிக்கத் திருவிழா ஊர்வலத்தன்றும் மேலே காரைக் கொண்டுபோக நினைக்கவே வேண்டாம்.

இந்த வழி யாருக்கு? இரண்டு மணி நேரம் மட்டும் இருக்கிறவருக்கு, குளிர்காலத்தின் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமைக்கு, மாலை வெகுநேரம் இருந்து சாப்பிட்டுவிட்டு நேராக வண்டி ஏறிக் கிளம்ப விரும்புகிறவருக்கு. கடைசி விஞ்ச் பற்றிய கவலை இல்லை என்பதே இதன் பெரிய பலம். சிலர் பிற்பகல் நான்கு மணிக்கு மேல், பகல் கூட்டம் இறங்கும் நேரத்தில் மேலே ஏறுகிறார்கள், அது நல்ல யோசனை.

## மேலே ஊருக்குள்ளேயே இரவு தங்குவது

என்னைக் கேட்டால், ஒரு இரவு கையில் இருந்தால் இதைத்தான் செய்ய வேண்டும். பகலில் வந்த பேருந்துக் கூட்டம் ஐந்து, ஆறு மணிக்கு இறங்கிவிடும். அதற்குப் பிறகு ஊர் ஊர்க்காரர்களுடையது, கடைவாசலில் நின்று பேசுகிறார்கள், பேராலயத்தின் எதிரே இருக்கும் கல் மேடையில் பிள்ளைகள் ஓடுகிறார்கள். முகப்பில் விழும் மாலை வெயிலைக் கடைசி வரை பார்த்துவிட்டு உம்பிரிச்செல்லி என்ற கையால் உருட்டிய தடித்த பாஸ்தாவைச் சாப்பிடலாம். தக்காளியும் மிளகாயும் போட்டது, ட்ரஃபிள் என்ற காளான் வகை துருவியது என்று இறைச்சி இல்லாத வகைகளும் பல கடைகளில் உண்டு. மறுநாள் காலை, கூட்டம் வரும் முன்பு, பேராலயத்துக்குள் சான் பிரிட்ஸியோ சிற்றாலயத்தில் லூகா சிஞ்ஞொரெல்லி 1499 முதல் 1504 வரை வரைந்த இறுதித் தீர்ப்பு ஓவியங்களை நின்று நிதானமாகப் பார்க்கலாம். பகல் பயணத்தில் வருகிறவருக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும்.

இதன் மறைமுகச் செலவுகளைச் சொல்லியாக வேண்டும். அறை வாடகையில் கார் நிறுத்தம் பெரும்பாலும் சேராது. பல விடுதிகள் உங்கள் எண் பலகையை நகராட்சிக்குத் தெரிவித்து, பெட்டி இறக்க மட்டும் உள்ளே வர அனுமதி வாங்கித் தருவார்கள், இறக்கியதும் காரை வெளியே கொண்டுபோய் மேலே சொன்ன இடங்களில் ஒன்றில்தான் விட வேண்டும். வாடகைக் காரின் எண் அதைக் கையில் வாங்கும் நிமிடத்தில்தான் தெரியும் என்பதால், சாவி வாங்கியதும் முதல் வேலையாக எண் பலகையைப் படம் எடுத்து விடுதிக்கு அனுப்புங்கள், கிடைத்தது, பதிந்துவிட்டோம் என்ற பதில் வந்த பிறகு உள்ளே நுழையுங்கள். அந்தப் பதில் உங்கள் செல்பேசியில் பத்திரமாக இருக்கட்டும், பிறகு அபராதம் வந்தால் அதுதான் சாட்சி.

தெருக்கள் குறுகல். கண்ணாடியை மடக்கினால்தான் போக முடியும் என்ற இடங்கள் உண்டு, சுவரில் உரசினால் காப்பீட்டில் நம் பங்காகக் கட்ட வேண்டிய தொகை அறை வாடகையைத் தாண்டிவிடும். சின்ன கார் எடுத்தால் தெரு சுலபம், ஆனால் நான்கு பேரின் பெட்டிகள் அதில் ஏறாது. என் தீர்வு: உள்ளே காரை எடுத்துப் போகவே வேண்டாம். ஒரு இரவுக்குத் தேவையானதைத் தோள் பையில் போட்டுக்கொண்டு, மீதியை வெளியே தெரியாமல் டிக்கியில் பூட்டி, காம்போ டெல்லா ஃபியேராவில் விட்டுவிட்டு ஏறுங்கள். அப்புறம் பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருக்கிறதா என்று முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள், மூன்றாம் மாடிக் கல் படிகள் பெரியவர்களுக்குச் சிரமம்.

## வெளியே பண்ணை வீடு

அக்ரிதூரிஸ்மோ என்பார்கள். திராட்சைத் தோட்டத்துக்கும் ஒலிவத் தோப்புக்கும் நடுவில் வீடு, வாசலிலேயே கார், பிள்ளைகளுக்கு நீச்சல் குளம், எதிர்க்குன்றில் இருக்கும் வீடு என்றால் இரவில் விளக்கெரியும் ஓர்வியேட்டோ பாறை முழுதாகத் தெரியும். மூன்று நான்கு நாள் இருந்து போல்செனா ஏரி, சிவிட்டா தி பான்யோரேஜியோ என்ற குன்று ஊர், தோடி என்று சுற்றப் போகிற குடும்பத்துக்கு இதைவிட வசதி கிடையாது. இரண்டு குடும்பம் சேர்ந்து எடுத்தால் பணமும் மிச்சம், சமையலறை இருந்தால் சோறு பொங்கிக்கொள்ளலாம்.

ஆனால் ஒவ்வொரு முறை ஊருக்குப் போகவும் கார் வேண்டும், நிறுத்தக் கட்டணமும் ஒவ்வொரு முறையும். கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டர் பெரும்பாலும் தார் போடாத வெள்ளை மண் சாலை, இரவில் விளக்கு கிடையாது. ஊரில் ஓர்வியேட்டோ கிளாசிகோ ஒயின் குடித்துவிட்டு ஓட்ட முடியாது: இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு, உரிமம் வாங்கி மூன்று ஆண்டு ஆகாதவருக்கு அதுவும் கிடையாது, பூஜ்யம். பண்ணையிலேயே இரவுச் சாப்பாடு வேண்டும் என்றால் காலையிலேயே சொல்லிவைக்க வேண்டும். ஒரே இரவுக்கு வருகிறவர் இதைத் தேர்ந்தெடுத்தால் ஊரையும் சரியாகப் பார்க்க மாட்டார், பண்ணையையும் அனுபவிக்க மாட்டார்.

## காரே இல்லாமல்

ரோம் தெர்மினியிலிருந்து சாதாரண வட்டார ரயில் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரத்தில் ஓர்வியேட்டோவில் இறக்கிவிடும், எதிரே விஞ்ச். டிக்கெட் ஆளுக்குச் சுமார் பத்து யூரோ. காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்காதீர்கள். ஒருவர், இருவர் போகிறீர்கள், ரோமில்தான் தங்கியிருக்கிறீர்கள், ஓர்வியேட்டோ மட்டும்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் கார் எடுப்பதில் அர்த்தமே இல்லை. நான்கு பேர் என்றால் போக வர ரயிலுக்கு 80 யூரோ அளவில் ஆகும், காருக்குச் சுங்கமும் எரிபொருளும் ஐம்பதுக்குள் முடியும், ஆனால் அதன் மேல் ஒரு நாள் வாடகை, ரோமில் இரவு நிறுத்தக் கட்டணம், ரோம் நகர நெரிசல். கிட்டத்தட்ட சமம்தான், மன நிம்மதியில் ரயில்தான் மேல்.

பக்கத்து ஊர்களையும் சேர்த்துப் பார்க்க நினைத்தால் கதை மாறும். சிவிட்டாவுக்குப் போகும் பேருந்தை ஞாயிற்றுக்கிழமை நம்ப முடியாது, தோட்டங்களுக்குப் பேருந்தே கிடையாது. அப்படியானால் ரோமிலும் ஃபிளாரன்ஸிலும் கார் இல்லாமல் இருந்துவிட்டு, நடுவில் வரும் நாட்களுக்கு மட்டும் எடுங்கள். ஒரு ஊரில் எடுத்து வேறு ஊரில் விட்டால் தனிக் கட்டணம் வாங்குவார்கள், சின்ன ஊர் வாடகை அலுவலகங்கள் மதியமும் ஞாயிறும் மூடியிருக்கும். இந்த இரண்டையும் பார்த்துக்கொண்டு நாளைக் குறித்தால் போதும்.

## ஒரே பார்வையில்

| வழி | பணம் | கால்களுக்கு | காரில் பெட்டி இருந்தால் | மாலை நேரம் | யாருக்கு நல்லது |
|---|---|---|---|---|---|
| ரயில் நிலையம், ஃபுனிகோலாரே | மிகக் குறைவு | மிகச் சுலபம் | வேண்டாம் | கடைசி வண்டியைக் கவனிக்க வேண்டும் | பெரியவர்களோடு பகல் பயணம் |
| காம்போ டெல்லா ஃபியேரா | நடுத்தரம் | கொஞ்சம் ஏற்றம் | பரவாயில்லை | படிகள், லிஃப்ட் நேரம் பார்க்க வேண்டும் | முதல்முறை வருகிறவர், வழியில் நிற்கிறவர் |
| மேலே நிறுத்துவது | நடுத்தரம் | சுலபம் | சுமார் | தொல்லை இல்லை | குறுகிய வருகை, குளிர்கால வார நாள் |
| உள்ளே தங்குவது | அதிகம் | படிகள் இருக்கலாம் | ஒரு பையோடு ஏறுங்கள் | இதற்கு ஈடில்லை | ஒரு இரவு உள்ளவர் |
| பண்ணை வீடு | குழுவாக வந்தால் குறைவு | வீட்டில் சுலபம் | வாசலில் கார் | ஓட்டுகிறவர் குடிக்க முடியாது | பல நாள் தங்கும் குடும்பம் |
| ரயில் மட்டும் | இருவர் வரை குறைவு | சுலபம் | தூக்கிச் சுமக்க வேண்டும் | கடைசி ரயில் | ரோமில் தங்கியிருக்கும் ஒருவர், இருவர் |

## வேறு ஊர் என்றால்

இதே கணக்கு ஓர்வியேட்டோ இருக்கும் உம்பிரியா வட்டாரத்திலும் பக்கத்து டஸ்கனியிலும் பெரும்பாலான குன்று நகரங்களுக்குப் பொருந்தும், ஊருக்கு ஊர் விடை மட்டும் மாறும். பெருஜியாவில் பியாட்சா பார்த்திஜானியில் விட்டால் நகரும் படிகள் ரோக்கா பவோலினா என்ற பழைய கோட்டையின் வயிற்றுக்குள்ளேயே ஏறிப்போகும், அந்தப் பாதையே பார்க்க வேண்டிய இடம். சியேனாவில் ஃபோந்தெபிராந்தா பக்கம் நகரும் படிகள் உண்டு, ஆனால் பாலியோ குதிரைப் பந்தயம் நடக்கும் ஜூலை 2, ஆகஸ்ட் 16 தேதிகளில் காரோடு கிட்டவே போகாதீர்கள். சான் ஜிமிஞ்ஞானோவில் மதிலுக்கு வெளியே வரிசையாக நிறுத்தங்கள் இருக்கின்றன, தள்ளியிருக்கும் ஜுபிலேயோ நிறுத்தம் மலிவு, நடை கொஞ்சம் கூடுதல். அங்கேயும் இரவு தங்குவதுதான் என் தேர்வு, பகலில் அந்தச் சின்னத் தெருக்கள் தாங்காத கூட்டம்.

சிவிட்டா தி பான்யோரேஜியோவில் மட்டும் தேர்வு என்று ஒன்று இல்லை. ஊர் நிற்கும் மண் குன்று அரித்துக்கொண்டே போகிறது, உள்ளே போக 1965இல் கட்டிய சுமார் முந்நூறு மீட்டர் நடைபாலம் ஒன்றுதான் வழி. 2013 முதல் நுழைவுக் கட்டணமும் உண்டு. காரைப் பக்கத்து ஊரான பான்யோரேஜியோவில் கட்டண இடத்தில் விட்டுவிட்டு நடக்க வேண்டும், பாலத்தின் கடைசிப் பகுதி நல்ல ஏற்றம், நிழல் கிடையாது, ஜூலையில் பகல் பன்னிரண்டு மணிக்கு வேண்டவே வேண்டாம். ஏற முடியாதவர்கள் பான்யோரேஜியோ கோடியில் இருக்கும் காட்சிமேடையிலிருந்தே முழு ஊரையும் பாலத்தையும் பார்க்கலாம்.